நாய் துரத்தினால்: புது சைக்கிள்காரர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பல்லடத்திலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் சைக்கிளில் போகிற கூட்டம் இப்போது நன்றாகப் பெருத்துவிட்டது. புது சைக்கிள், புது ஹெல்மெட், கண்ணைப் பறிக்கும் ஜெர்சி. சந்தோஷம்தான். ஆனால் காமநாயக்கன்பாளையம் தாண்டி ஊராட்சிச் சாலைக்குள் நுழைந்து, முதல் தோட்டத்து நாய் குரைத்ததும் பாருங்கள், ஆளாளுக்கு ஒரு கூத்து. நாங்கள் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துதான், ஒன்றுகூட மாறவில்லை.

ஹெல்மெட் போடுங்கள், ஓரமாகப் போங்கள் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

ஓடித் தப்பிக்கப் பார்ப்பது

நாய் ஓடி வந்ததும் காலில் இருக்கிற பலத்தையெல்லாம் பெடலில் போட்டு மிதிப்பது. பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் செய்கிறார்கள். சாதாரண ஊர் நாயே கொஞ்ச தூரத்துக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தை எட்டிவிடும். விருதுநகர், திருநெல்வேலிப் பக்கம் சைக்கிளில் போய், எதிரே வருவது சிப்பிப்பாறையாகவோ கன்னியாகவோ இருந்தால் கேட்கவே வேண்டாம்; முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே வளர்த்த இனங்கள் அவை. புதிதாக ஓட்டுகிறவர் மூச்சைப் பிடித்து மிதித்தாலும் முப்பதைத் தொடுவதே கஷ்டம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் எதிர்காற்றில் அந்த முப்பதும் கிடையாது. கேத்தனூரைச் சுற்றி இத்தனை காற்றாலைகளை எதற்கு நட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நாய்க்கு உங்கள் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. அதன் எல்லைக்குள் ஏதோ ஒன்று வேகமாக ஓடுகிறது, சுழன்று சுழன்று கால் ஆடுகிறது. துரத்து என்று அதன் உடம்பு சொல்கிறது. அதனால் செய்ய வேண்டியது நேர் எதிர். மிதிப்பதை நிறுத்துங்கள். இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கட்டும். இரண்டு கையும் பிரேக் மேல் இருக்கட்டும். வேகம் தானாகக் குறையட்டும். பெரும்பாலான நாய்கள் கால் ஆடுவது நின்றதும் ஒரு கணம் தடுமாறி, நாலு குரை குரைத்துவிட்டுத் திரும்பிவிடும். எல்லை முடியும் இடம் அதற்குத் தெரியும். அநேகமாகப் பக்கத்துத் தோட்டத்து வேலி.

நாயையே பார்த்துக்கொண்டு ஓட்டுவது

சைக்கிள் கண் போகிற பக்கம் போகும். நாயைப் பார்த்தால் நாயின் மேல் போகும். நாய் குறுக்கே பாய்ந்து முன்சக்கரத்தில் மோதினால், ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டித்தான் விழுவார். அதற்குப் பயந்து சட்டென்று வலது பக்கம் ஒடிப்பது அதைவிட மோசம். அந்தச் சாலைகளில் கல் குவாரி டிப்பர்கள் எந்த வேகத்தில் வருகின்றன என்று அங்கே ஓட்டியவருக்குத் தெரியும். இடது பக்கம் ஒடித்தால் தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நாலு விரல் பள்ளம். நாயிடம் கடி வாங்கியவர்களைவிட, அந்தப் பள்ளத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தவர்கள்தான் எங்கள் குழுவில் அதிகம். சாலையைப் பாருங்கள், நாய் ஓரக்கண்ணில் இருந்தால் போதும்.

காலால் உதைப்பது

விழுவீர்கள். அதுவும் நாயின் மேலேயே.

"சூ, சூ" என்று விரட்டுவது

சிரிக்காதீர்கள், டவுன் பிள்ளைகள் நிஜமாகவே செய்கிறார்கள். ஊரில் நாயை ஏவிவிடத்தான் 'சூ' காட்டுவார்கள். கோழியை விரட்டுகிற மாதிரி விரட்டப்போய், போகவிருந்த நாயையும் இழுத்து விட்டுக்கொள்கிறார்கள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுவது

நாய் விடுவதாக இல்லை, இரண்டு மூன்று சேர்ந்துவிட்டன என்றால் இறங்கிவிடுவதுதான் நல்லது. ஆனால் நாய் நிற்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இறங்குங்கள். சைக்கிள் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கிற ஒரே வேலி அதுதான். முதுகைக் காட்டாமல், முறைத்தும் பார்க்காமல், உருட்டிக்கொண்டே நடங்கள். இறங்கி மனிதனாக நின்ற பிறகு பல நாய்களுக்கு ஆர்வமே போய்விடும். குனிந்து கல் எடுப்பது போலப் பாவனை செய்தால் நம்மூர் நாய் பின்வாங்கும். நிஜமாகவே எறிய வேண்டாம். கல் பட்ட நாய் அடுத்த வாரம் உங்களுக்குப் பின்னால் வருகிற ஆளைக் கடிக்கும். தோட்டத்துக்காரர் வேறு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்.

மழை முடிந்த பிறகு, குட்டி போட்ட நாய் பாலத்தடியிலோ வைக்கோல் போரிலோ படுத்திருக்கும் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அது எல்லைக்காகக் குரைப்பதில்லை, நேராகக் கடிக்க வரும். அந்த இடம் தெரிந்துவிட்டால் ஒரு மாதம், இரண்டு மாதம் வேறு வழியில் போங்கள்.

"சின்னக் கீறல்தானே அண்ணா"

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால்தான்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. கெட்டிக்காரப் பையன். கேத்தனூர்ப் பக்கம் ஓர் ஆட்டுப்பட்டியைத் தாண்டும்போது செவலை நாய் ஒன்று ஓடிவந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடிவிட்டது. நிறுத்திப் பார்த்தோம். "சாக்ஸ் கிழியவே இல்லைண்ணா, பல்லு படலை" என்றான். சாக்ஸை இறக்கச் சொன்னேன். உள்ளே, கறுப்புப் பேனாவால் வைத்த மாதிரி இரண்டு புள்ளிகள். ஒன்றில் கடுகளவு ரத்தம். துணி கிழியாமலே பல் உள்ளே போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குடிக்கிற பாட்டிலிலிருந்து இரண்டு மடக்கு தண்ணீரை அதில் ஊற்றினான், பிளாஸ்டர் ஒட்டினான், ரைடை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று கிளம்பினான். பக்கத்துத் தோட்டத்தில் பம்புசெட் ஓடுகிறது, குளிக்கிற தொட்டி ஓரத்தில் சோப்பும் இருக்கிறது, வா என்று கூப்பிட்டால் வரவில்லை.

அந்த இடத்திலேயே முக்கால்வாசி காரியம் கெட்டுப்போகிறது. கடித்த இடத்தை ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது கடிகாரத்தைப் பார்த்து. வெறிநாய்க்கடி நோயை, அதாவது ரேபிஸை, உண்டாக்கும் கிருமியின் மேல் உறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். இதற்கு டாக்டர் வேண்டாம், காசு வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதையும் அப்பக்கூடாது. பிளாஸ்டர் போட்டு மூடவும் கூடாது.

திங்கட்கிழமை போன் செய்தால், "ஊசி போட்டாச்சுண்ணா" என்கிறான். என்ன ஊசி என்று கேட்டால், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டி.டி. போட்டுக்கொண்டானாம். டி.டி. என்பது ரண ஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு. ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்தக் குழப்பத்தை எத்தனை பேரிடம் பார்த்துவிட்டேன்! ஊசி என்று ஏதோ ஒன்று உடம்பில் ஏறிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவனை ஜி.எச்.சுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அங்கே முதலில் காயம் எந்த வகை என்று பார்த்தார்கள். காயமில்லாத தோல்மேல் நக்கியது மட்டும் என்றால் ஒன்றும் வேண்டாம். ரத்தம் வராத கீறல், மேலோட்டமான கவ்வல் என்றால் தடுப்பூசி. தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால், அல்லது புண்ணில் நக்கியிருந்தால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருளும், வேண்டும். அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியுமே செலுத்துவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவல் காப்பது இதுதான். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் இதைப் போட்டாக வேண்டும், அதற்குப் பிறகு பயனில்லை. கடுகளவு ரத்தமும் ரத்தம்தான். நம் தம்பி மூன்றாவது வகை.

அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள்; முதல் ஊசி போடும் நாள்தான் 0. தசையில் போடுகிற முறை என்றால் 0, 3, 7, 14, 28. ஊசி மேல்கையில்தான், இடுப்பில் அல்ல. பெரியவர்கள் இன்னும் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயமுறுத்துவார்கள். அது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுத்த பழைய மருந்து. நம் நாட்டில் 2004-ஓடு நிறுத்தியாகிவிட்டது. அந்தப் பயத்திலேயே இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேர் கட்டிக்கொண்டும் பத்தியம் இருந்துகொண்டும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு.

சரி, மூன்று ஊசி ஒழுங்காகப் போட்டான். 28-ஆம் நாள் வந்தது. ஆள் போகவில்லை. "போன வாரம் அதே வழியாகப் போனேன்ணா, அந்த நாய் நல்லாத்தான் இருக்கு" என்றான். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நோயில்லாமல் இருந்தால் மிச்ச ஊசியை விடலாம் என்று எங்கேயோ படித்திருக்கிறான். விதி உண்மைதான். ஆனால் அது நாயை அடையாளம் தெரிந்து, கண்முன்னே வைத்துக் கவனித்தவர்களுக்கு, அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்னால். அந்தப் பட்டிக்கு நானே போய்ப் பார்த்தேன். செவலை நாய் நாலு நிற்கிறது. எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒரே நிறம், ஒரே வால். எது கடித்தது என்று ஆட்டுக்காரருக்கே தெரியவில்லை. தம்பி சைக்கிளில் போகிற போக்கில் எதைப் பார்த்தானோ!

மறுபடி சண்டை போட்டுத்தான் நாலாவது ஊசிக்கு அனுப்பினேன். நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். அதனால் தாமதமாகிவிட்டதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். இந்த நோய் கடித்த மறுநாள் வருவதல்ல. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம், சிலருக்கு ஒரு வருடம் தாண்டிக்கூட. எல்லோரும் மறந்துபோன பிறகுதான் தண்ணீரைக் கண்டு பயம் தொடங்கும். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. இதை அவனிடம் எத்தனை தடவை சொல்வது?

காதில் 'வி' வெட்டு இருக்கிறதே, கருத்தடை செய்து ஊசி போட்ட நாய்தானே என்பதும் ஒரு சமாதானம். வெட்டு என்றைக்கோ பிடித்துப்போய்ப் போட்டதைக் காட்டும், இன்றைக்கு ஊசி பலத்தில் இருக்கிறதா என்பதைக் காட்டாது. தோட்டத்துக்காரர், "நம்ம நாய்க்கு ஊசியெல்லாம் போட்டிருக்குதுங்க" என்று சொன்னாலும் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாரா வாரம் ஊர்ச்சாலையில் ஓட்டுகிறவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அப்படிப் போட்டிருந்தால் பிறகு கடித்தால் 0, 3 என்று இரண்டே ஊசி, இம்யூனோகுளோபுலினும் வேண்டாம். கழுவுவது மட்டும் அப்போதும் உண்டு.

முன்னால் போகிறவர் கிளப்பிவிட்டுப் போவது

கூட்டமாகப் போகும்போது முதல் ஆள் கத்துவார், பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சுவார், பறந்துவிடுவார். தூக்கத்திலிருந்து எழுந்த நாய் கடைசி ஆளைப் பிடிக்கும். கடைசியில் வருவது எப்போதும் புதியவர், மூச்சு வாங்கிக்கொண்டு. முன்னால் போகிறவர் நாயைப் பார்த்ததும் கையைக் காட்டி வேகத்தைக் குறைத்து, எல்லோரும் சேர்ந்து கடப்பதுதான் முறை. கோழிப்பண்ணை, கறிக்கடை, கோழிக்கழிவு கொட்டுகிற பாலம், இந்த மூன்றும் வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.

பிஸ்கட் போடுவது

நாளைக்கு பிஸ்கட் இல்லாமல் வருகிற ஆளை நினைத்துப் பாருங்கள்.

காதில் இயர்போன்

வேண்டாம்.

தோட்டத்துக்காரரிடம் எகிறுவது

"நாயைக் கட்டிப்போட மாட்டீங்களா?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. "அது ஒண்ணும் பண்ணாதுங்க தம்பி" என்பார், உள்ளே போய்விடுவார். ஒரு தடவை இறங்கி, மோர் கொடுத்தால் குடித்து, ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழு வரை இந்த வழியாக வருவோம், அந்த நேரம் மட்டும் கட்டிவையுங்கள் என்று பதமாகக் கேட்டால் பெரும்பாலும் கட்டிவிடுவார்கள். அப்படியே நாயின் பேரையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேர் சொல்லி, அதட்டலாக, "வூட்டுக்குப் போ" என்றால் துரத்தி வருகிற நாய் குழம்பி நின்றுவிடும். பேர் தெரியாவிட்டால் "மணி" என்று கூப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் பாதிக்குப் பாதி பலிக்கிறது.