மார்கழி சீசனுக்குச் சென்னை வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அக்கா மகன் ஒரு அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். டிசம்பரில் ஐந்து நாள் சென்னை. பத்தொன்பது கச்சேரி, இரண்டு நாட்டியம், ஒரு நாடகம், இடையிடையே மூன்று சபா (கச்சேரி நடத்தும் அமைப்பு) கேன்டீன். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது வருடத்துக்கு முன் திருச்சியிலிருந்து முதல் முறை இந்தக் கர்நாடக இசை சீசனுக்குக் கிளம்பியபோது நானும் இதே அட்டவணையைத்தான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு வருடா வருடம் போகிறேன், நண்பர்களையும் உறவினர்களையும் கூட்டிப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் நான் விழுந்த அதே பள்ளங்களில் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். டிக்கெட்டை வீட்டில் மறந்து வைப்பது மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும்.

பாடகரை முடிவு செய்துவிட்டு ரயிலைத் தேடுவது

இப்போது ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. டிசம்பர் 20ஆம் தேதி வண்டிக்கு அக்டோபர் மூன்றாவது வாரமே டிக்கெட் எடுத்துவிடலாம். சபாக்களின் நிகழ்ச்சி நிரலோ பெரும்பாலும் நவம்பரில்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு ரயிலுக்குப் போனால் வெயிட்டிங் லிஸ்ட்தான். அதனால் முதலில் நாளை முடிவு செய்யுங்கள். பெயர்கள் அப்புறம். பெரிய வித்வான்கள் சீசனில் நாலைந்து சபாவிலாவது பாடுவார்கள். ஒரு வாரம் தங்கினால் எங்காவது கிடைப்பார்கள்.

எந்த வாரம் என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். மியூசிக் அகாடமியின் இசை விழா வழக்கமாக டிசம்பர் 15ஐ ஒட்டித் தொடங்கி ஜனவரி 1ஆம் தேதி விருது வழங்கும் சதஸோடு முடியும். அதன் நாட்டிய விழா ஜனவரி முதல் வாரத்தில். மார்கழிதானே என்று பொங்கல் விடுமுறையில் வருகிறவர்களுக்குக் காலி அரங்குகள்தான் மிஞ்சும். பொங்கலுக்குத்தான் வர முடியும் என்றால் அரசு நடத்தும் சென்னை சங்கமத்தைப் பாருங்கள். பறையும் கரகமும் பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கும். அது வேறு அனுபவம், நல்ல அனுபவம்.

வாடகையை மட்டும் பார்த்து அறை எடுப்பது

கோயம்பேட்டில் மலிவு, ஓ.எம்.ஆரில் பெரிய அறை என்று எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் பிடித்த பணம் ஆட்டோவுக்குப் போகிறது, அதோடு தினம் இரண்டு மணி நேரமும் போகிறது. வரைபடத்தை ஒரு முறை பாருங்கள். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில், நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், பாரதிய வித்யா பவன், ரசிக ரஞ்சனி சபா மூன்றும் மயிலாப்பூரில். கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் தி.நகரில். கலாக்ஷேத்ரா திருவான்மியூரில், தமிழிசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனைப் பக்கம். ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், ராயப்பேட்டை இந்த மூன்றுக்குள் சின்ன அறையாக இருந்தாலும் எடுங்கள். மதியம் வந்து ஒரு மணி நேரம் படுக்க முடிகிற அறைதான் சீசனுக்கு உகந்த அறை.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களை நம்பி வருகிறவர்கள் வைகுண்ட ஏகாதசி எந்தத் தேதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தசாரதி கோயில் கூட்டத்தில் அன்று அறை கிடைப்பது கஷ்டம்.

ஒரே மாலையில் இரண்டு சபா

இதைத்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் யாராவது இப்படித் திட்டம் போட்டுக் காட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

அக்கா மகனும் அப்படித்தான் போட்டிருந்தான். ஆறு மணிக்குத் தி.நகரில் ஒரு கச்சேரியின் முன்பாதி, எட்டு மணிக்கு மயிலாப்பூரில் இன்னொன்றின் பின்பாதி. "ஏழரைக்குக் கிளம்பினா எட்டுக்குப் போயிடலாம்ல மாமா?" என்று கேட்டான்.

நான் போய்ச் சேர்ந்ததில்லை. அப்படித்தான் ஒரு டிசம்பர் சனிக்கிழமை இரண்டு டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்து வைத்திருந்தேன். தி.நகரில் அந்த அம்மா கரகரப்ரியா ராக ஆலாபனையை (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) அப்போதுதான் தொடங்கியிருந்தார். மத்திய ஸ்தாயியில் நின்று, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரமாகத் தொட்டுக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழே காலுக்கு எழுந்தேன். ஆட்டோ தேனாம்பேட்டை தாண்டி எல்டாம்ஸ் ரோட்டில் நின்றது நின்றதுதான். மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே கால். பாட்டு முடியட்டும் என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனபோது தனி ஆவர்த்தனத்தின் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) கடைசித் தாளக் கோர்வை. அதற்குப் பிறகு துக்கடா என்கிற சின்னப் பாட்டு இரண்டு, மங்களம். மறுநாள் கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், முந்தின நாள் கரகரப்ரியா முக்கால் மணி நேரம் போனதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். எனக்குக் காபி இறங்கவில்லை.

நெரிசல் ஒரு காரணம்தான். சாலை காலியாக இருந்தாலும் இந்தத் திட்டம் பலிக்காது. இரண்டரை மணி நேரக் கச்சேரி சமதளம் இல்லை. வர்ணம், அதற்கடுத்த சின்னக் கீர்த்தனைகள், ஒரு விறுவிறுப்பான பாட்டு என்று குரலும் பக்கவாத்தியமும் சூடேறி, பாதி தாண்டிய பிறகுதான் மெயின் உருப்படி, அதாவது அன்றைய பெரிய பாட்டு, அல்லது ராகம் தானம் பல்லவி என்கிற நீண்ட உருப்படி வரும். மாலைக் கச்சேரிகள் எல்லாச் சபாவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. அப்படியென்றால் மெயினும் எல்லா மேடையிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரும். நீங்கள் ஆட்டோவில் இருக்கிற அந்த நாற்பது நிமிடம்தான் இரண்டு மேடைக்கும் உச்சம். இரண்டு டிக்கெட் வாங்கி ஒரு மெயினும் கேட்காமல் திரும்புகிறீர்கள்.

அப்புறம் மேடையில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு முறை மூன்றாவது வரிசையில் இருந்தேன். தனி தொடங்கப் போகிறது. மிருதங்க வித்வான் துண்டில் கையைத் துடைத்தார், சின்னக் கல்லால் வலந்தலை விளிம்பைத் தட்டிச் சுருதி பார்த்தார். முதல் சொல்லை வாசிப்பதற்குள் எனக்கு முன்னால் நான்கு இருக்கைகள் டப் டப் என்று மடங்கின. அவர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து நான் தனிக்கு எழுந்ததில்லை.

இரண்டு கச்சேரி கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒரே சபாவில் நாலு மணிக் கச்சேரியையும் மாலைக் கச்சேரியையும் சேர்த்து எடுங்கள். இல்லையென்றால் பிற்பகலில் ஒன்று கேளுங்கள். நண்பகல், பிற்பகல் நேரங்களில் இளம் கலைஞர்கள் பாடுவார்கள். பல சபாக்களில் அதற்கு டிக்கெட் கிடையாது. இன்று மாலை நேரத்தில் நிரம்பி வழிகிற பெயர்களில் சிலரை நான் நாற்பது பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் இரண்டு மணிக்குக் கேட்டிருக்கிறேன். நடுவில் போகத்தான் வேண்டுமென்றால் ஓர இருக்கையில் உட்காருங்கள், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் எழுந்துவிடுங்கள்.

இலைச் சாப்பாடு முடித்து இரண்டு மணிக் கச்சேரி

தூங்கிவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குக் கேன்டீனில் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் இடம் பிடித்து நிற்பார். பாதி சாம்பாரில் எழுந்திருக்கத் தோன்றும். இலைச் சாப்பாட்டை ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டு பதினொன்றரைக்கே போய்விடுங்கள். மற்ற நாட்களில் நாலு மணிக்கு ஒரு கீரை வடையும் காபியும் போதும். பெரும்பாலான சபாக்களில் கேன்டீனுக்குக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. ஒவ்வொரு சபாவிலும் சமையல்காரர் வேறு, பட்டியலும் தினம் மாறும். அன்றைக்கு என்ன இனிப்பு என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

மார்கழியில் சபா நாடகம் தேடுவது

டிசம்பரில் மேடை சங்கீதத்துக்குப் போய்விடும். சபா நாடகம் பார்க்க ஆசை என்றால் கோடையில் வாருங்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் வரிசையாக வரும். நவீன நாடகம் பிடிக்கும் என்றால் 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரே பயணத்தில் இரண்டையும் திணிக்க வேண்டாம்.

மழையைக் கணக்கில் எடுக்காதது

2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா புயல். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம். மாதத்தின் முதல் பாதியில் வருகிறவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் சரி.

சால்வை

எடுத்து வாருங்கள். அரங்கில் குளிரும்.

செல்போன்

அணைத்துவிடுங்கள். ஒளிப்பதிவும் வேண்டாம்.

காலையைத் தூங்கிக் கழிப்பது

வெளியூர்க்காரர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அகாடமியில் காலை எட்டு மணி அளவில் செயல்முறை விளக்கம் நடக்கும், கட்டணம் இல்லை. ஒரு வித்வான் ஒரே ஒரு ராகத்தையோ ஒரு தாளக் கணக்கையோ எடுத்துக்கொண்டு பாடிக் காட்டி விளக்குவார். மாலையில் அதே ராகம் வரும்போது காது தானாக அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் முன்னால், இருட்டு பிரியாத நேரத்தில், மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை போகும். பாபநாசம் சிவன் பாடிக்கொண்டு வலம் வந்த வீதிகள் அவை. வாசல்களில் கோலம் ஈரம் காயாமல் இருக்கும். அக்கா மகனின் அட்டவணையில் ஏழரைக்கு முன் எல்லாக் கட்டமும் காலி. அவற்றில் ஒன்றில் மட்டும் "மாடவீதி, ஐந்து மணி" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.