கார்பைடு விளக்கைத் துலக்கி ஏற்றும் முறை: மிகச் சிறிய அசிட்டிலீன் கலன் ஒன்றின் அமைப்பும் இயக்கமும்

அசிட்டிலீன் வாயுவை உண்டாக்கும் கலன் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தே கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு, பழைய கார்பைடு விளக்கைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. சுரங்கத் தொழிலாளர்கள் தொப்பியில் மாட்டிக்கொண்ட அந்தச் சிறிய பித்தளை விளக்கில் நீர்த்தொட்டி, சொட்டு வால்வு, கார்பைடு அறை, வடிகட்டி, சுடர்முனை ஆகிய எல்லா உறுப்புகளும் உண்டு. நெடுங்காலம் எரியாமல் கிடந்த ஒரு விளக்கைப் பிரித்து, துலக்கி, நிலையான வெண்சுடரோடு எரிய வைத்த பிறகு இதை எழுதுகிறேன்.

சரியாக எரியாத விளக்கைக் கண்டவுடன் நீரைக் கூட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் குறை பெரும்பாலும் நீரின் அளவில் இருப்பதில்லை. நீர் இறங்கும் வழி, நீருக்கு ஈடாகக் காற்று நுழையும் வழி, வாயு வெளியேறும் வழி என்ற மூன்றில் ஏதோ ஒன்று அடைபட்டிருக்கும். அந்த நிலையில் நீரைக் கூட்டினால் விளக்கு சூடேறும், சுடர் சீராகாது.

கலனுக்குள் நடப்பது

கால்சியம் கார்பைடின் மீது நீர் பட்டால் அசிட்டிலீன் வாயுவும் நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகின்றன. தூய கார்பைடு 64 கிராமுக்கு 36 கிராம் நீர் தேவை. கிடைப்பது 26 கிராம் வாயுவும் 74 கிராம் சுண்ணாம்பும். கடையில் கிடைக்கும் கார்பைடு முழுத் தூய்மையானதன்று என்பதால், ஒரு கிலோவிலிருந்து ஏறத்தாழ 300 லிட்டர் வாயு கிடைக்கும் என்று கணக்கிடுவது வழக்கம். இந்த வினையில் வெப்பம் மிகுதியாக வெளிப்படும். கலன்களின் வடிவமைப்பு முழுவதும் இந்த வெப்பத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்ற கேள்வியிலிருந்தே பிறந்தது எனலாம்.

அதற்கு மூன்று வழிகள் பழக்கத்தில் இருந்தன. கார்பைடின் மேல் நீரைச் சொட்டவிடுவது ஒன்று. விளக்குகள் இந்த வகை. நிறைய நீருக்குள் கார்பைடைச் சிறிது சிறிதாகப் போடுவது இன்னொன்று. வெப்பத்தை நீரே வாங்கிக்கொள்வதால் பெரிய தொழிற்சாலைக் கலன்களுக்கு இதுவே உகந்தது. மூன்றாவது வகையில், வாயு கூடும்போது அதன் அழுத்தமே நீரைக் கார்பைடிலிருந்து தள்ளி விலக்கும். வாயு குறைந்தால் நீர் மீண்டும் வந்து தொடும்.

சொட்டு விளக்கும் ஓரளவு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மேல்தொட்டியிலுள்ள நீர், தன் உயரத்தின் அழுத்தத்தால் மட்டுமே கீழே இறங்குகிறது. கீழறையில் வாயு சேர்ந்து அழுத்தம் கூடினால் சொட்டு தாமதப்படும். இன்னும் கூடினால் வாயு அதே நீர்க்குழாய் வழியே குமிழிகளாக மேலேறி, மூடியிலுள்ள துளை வழியே வெளியேறிவிடும். தொட்டியில் நீர் 5 சென்டிமீட்டர் உயரம் நின்றால், கலனுக்குள் இருக்கக்கூடிய அழுத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு. வழிகள் திறந்திருக்கும் வரை மட்டுமே இந்தப் பாதுகாப்பு நீடிக்கும்.

முதற்படி: பிரித்துத் துலக்குதல்

அடியறையைத் திருகிக் கழற்றுங்கள். பழைய சுண்ணாம்பு இறுகியிருந்தால் சுத்தியால் தட்டாமல், சிறிது நேரம் நீரில் ஊறவிட்டுப் பிறகு முயலுங்கள். உள்ளே கார்பைடு மிச்சமிருக்கக்கூடும் என்று எண்ணியே இந்த ஊறவைத்தலைத் திறந்தவெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். மரையில் ஒட்டியுள்ள வெண்படிவை வினிகர் கரைத்துவிடும். பல் துலக்கும் பழைய தூரிகை ஒன்றே போதுமான கருவி. பித்தளையை நெடுநேரம் வினிகரிலேயே விட்டுவிட்டால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து மேற்பரப்பு செந்நிறமாகும். ஆகவே சிறிது நேரத்தில் எடுத்து நீரில் கழுவுங்கள்.

சுடர்முனையின் துளை மயிரிழை அளவே இருக்கும். அதற்கு ஊசி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊசி நுனியில் மெல்லியதாயினும் மேலே போகப் போகத் தடிப்பது. அது கல்முனையின் துளையை அகற்றிவிடும் அல்லது விளிம்பை உடைத்துவிடும். ஒரே சீரான தடிப்புள்ள மெல்லிய கம்பி இழை ஒன்றை நேராக உள்ளே விட்டு நேராக இழுங்கள், முறுக்க வேண்டாம். துளை அகன்ற முனையில் சுடர் புகைந்துகொண்டே இருக்கும். அதற்குப் புதிய முனை மாட்டுவதைத் தவிர வேறு மருந்தில்லை.

வாயு வெளியேறும் குழாயின் வாயிலில் வடிகட்டியாக உள்ள ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) வட்டம் சுண்ணாம்புத் தூளை மேலே போகவிடாமல் தடுப்பது. அது கெட்டிப்பட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். தொப்பி விளக்குகளின் முனைகள் பெரும்பாலும் மணிக்கு 14 லிட்டர் அல்லது 21 லிட்டர் வாயுவை எரிப்பவை. தொடங்குபவர்களுக்கு 14 லிட்டர் முனையே நல்லது. மேலே சொன்ன கணக்கின்படி அதற்கு மணிக்கு ஏறத்தாழ 47 கிராம் கார்பைடு செலவாகும்.

இரண்டாம் படி: கார்பைடு இல்லாமல் ஒரு சோதனை

இந்தப் படியைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் இதைச் செய்வதே இல்லை. என் விளக்கு ஏற்றியவுடன் நன்றாக எரியும். சில நிமிடங்களில் மங்கிவிடும். சொட்டு வால்வைத் திறந்து மூடும் சிறு கைப்பிடியான நெம்பியைத் திறந்து நீரைக் கூட்டினால் சற்றே உயிர் பெற்று மீண்டும் மங்கும். கார்பைடு பழையதோ, ஃபெல்ட் அடைபட்டதோ என்றெல்லாம் தேடிய பிறகு கண்டது, நீர்த்தொட்டி மூடியிலுள்ள மிகச் சிறிய காற்றுத் துளை பழைய மெருகுப் பசையால் அடைபட்டிருந்தது என்பதே. தொட்டியிலிருந்து நீர் இறங்க வேண்டுமென்றால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வராவிட்டால் தொட்டியின் உள்ளே அழுத்தம் குறைந்து, நீர் இறங்காமல் தொங்கி நிற்கும். மூடியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் காற்று புகுந்துவிடுவதால் விளக்கு சரியாகிவிட்டதுபோல் தோன்றும். குறை கண்ணில் படாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆகவே கார்பைடு போடுவதற்கு முன்பு, அடியறையைக் கழற்றிவைத்து, தொட்டியில் நீர் மட்டும் நிரப்பி, மூடியை நன்றாக மூடி, நெம்பியைச் சிறிது திறந்து சொட்டைக் கவனியுங்கள். 3 அல்லது 4 வினாடிக்கு ஒரு சொட்டு என்ற அளவில் வைத்து, குறைந்தது 10 நிமிடம் பாருங்கள். சீராகச் சொட்டினால் நீர் வழியும் காற்று வழியும் சரி. மெதுவாகிக்கொண்டே போய் நின்றுவிட்டால் மூடியைத் தளர்த்துங்கள். உடனே சொட்டத் தொடங்கினால் குற்றவாளி காற்றுத் துளை. மூடியைத் தளர்த்தியும் சொட்டாவிட்டால் நீர்க்குழாய் அடைபட்டிருக்கிறது. நெம்பியை முழுவதும் மூடியபின்பும் சொட்டு நிற்கவில்லையென்றால் வால்வின் முனை தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கார்பைடைத் தொடாதீர்கள்.

அந்தச் சொட்டுக் கணக்குக்கு அடிப்படை உண்டு. 47 கிராம் கார்பைடுக்கு வேதியியல்படி வேண்டிய நீர் ஏறத்தாழ 26 மில்லிலிட்டர். வெப்பத்தில் ஒரு பகுதி ஆவியாகும், சுண்ணாம்பும் ஒரு பகுதியை உறிஞ்சும் என்பதால் அதைப்போல் இரு மடங்கு வைத்துக்கொண்டால், மணிக்கு 50 மில்லிலிட்டர். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நிமிடத்துக்குப் பதினேழு சொட்டுக்கு அருகில் வருகிறது.

மூன்றாம் படி: கேஸ்கட்

அடியறைக்கும் மேல்தொட்டிக்கும் நடுவிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், எரியும் விளக்கின் இடுப்பிலிருந்து வாயு கசியும். சுடர் அங்கே தொற்றிக்கொள்ளவும் கூடும். பழைய வளையத்தை வெந்நீரில் போட்டு மென்மையாக்கிப் பயன்படுத்துவோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. மென்மையான நைட்ரைல் ரப்பர் வளையம் புதிதாக மாட்டுவதே சரி. மாட்டும் முன் விளிம்பில் ஒரு சுண்ணாம்புத் துகள்கூட இல்லாமல் துடைத்து, வளையத்தை நீரில் நனைத்து, கையால் மட்டுமே இறுக்குங்கள். கசிவைச் சோதிக்கச் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பது எக்காரணத்தாலும் கூடாது. காற்றில் 2.5 விழுக்காடு கலந்தாலே அசிட்டிலீன் பற்றும். 80 விழுக்காட்டைத் தாண்டிய கலவையும் பற்றும். இவ்வளவு அகன்ற எரி எல்லை உடைய வாயுக்கள் மிகச் சிலவே.

நான்காம் படி: நிரப்புதலும் ஏற்றுதலும்

அடியறை உலர்ந்திருக்க வேண்டும். பட்டாணி அளவுள்ள கார்பைடுத் துண்டுகளை அறையின் பாதி வரை போடுங்கள். எப்படியும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. உண்டாகும் சுண்ணாம்பு பொங்கிப் பருமன் கூடும். இடமில்லாவிட்டால் அது ஃபெல்ட்டில் போய் அழுந்தி வாயு வழியை அடைக்கும். அடியில் தங்கும் தூளைச் சேர்க்காதீர்கள். தூளில் வினை மிக விரைவாக நடந்து வெப்பம் ஓரிடத்திலேயே குவியும்.

மேல்தொட்டியை நிரப்பி, அடியறையை மாட்டி, நெம்பியைத் திறந்து காத்திருங்கள். முதலில் வருவது வாயுவும் உள்ளிருந்த காற்றும் கலந்த கலவை. அதைப் பற்றவைத்தால் சுடர் உள்ளே தாவ வாய்ப்புண்டு. முனையில் மெல்லிய சீறல் கேட்டு, பூண்டு போன்ற வாடை நன்றாக வந்த பிறகே ஏற்ற வேண்டும். அந்த வாடை அசிட்டிலீனுடையதன்று. கார்பைடிலுள்ள பாஸ்பைடு மாசிலிருந்து பிறக்கும் பாஸ்பீனுடையது. பாஸ்பீன் நச்சு வாயு. ஆகவே இந்த வேலை முழுவதையும் திறந்தவெளியில் செய்யுங்கள். சுடருக்குப் பின்னே ஒளியைத் திருப்பும் தட்டான ரிஃப்ளெக்டரில் உள்ள, தீப்பொறி எழுப்பும் உரசுசக்கரத்தை உள்ளங்கையால் மூடித் தேய்த்து ஏற்றுவது பழைய தொழிலாளர்களின் முறை. தொடங்குபவருக்கு நீண்ட கழுத்துள்ள லைட்டரையே பரிந்துரைக்கிறேன். கையும் முகமும் விலகியிருக்கும்.

சுடர் முனையிலிருந்து நேராக, கூர்மையாக, வெள்ளையாக நிற்க வேண்டும். மஞ்சளாக நீண்டு கரி கக்கினால் வாயு மிகுதி. நெம்பியைக் குறைத்துச் சில நிமிடம் பொறுங்கள். நெம்பிக்கும் சுடருக்கும் நடுவே காலதாமதம் உண்டு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். ஏற்கெனவே ஊறிய கார்பைடு தொடர்ந்து வாயு தந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நீரை மூடியவுடன் விளக்கு அணைவதில்லை. ஊதி அணைத்துவிட்டு மூடிய அறையில் வைப்பது ஆபத்து. நீரை மூடி, தானாக எரிந்து முடிய விடுவதே முறை.

அணைந்த பிறகு

அடியறையில் மிஞ்சுவது சாம்பல் நிறக் குழம்பானால் எல்லாம் நன்றாக நடந்திருக்கிறது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் உள்ளே வெப்பம் மிகுந்து, அசிட்டிலீன் தார் போன்ற பொருள்களாகத் திரண்டிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை சிறிது குறைவான கார்பைடும் இன்னும் மெதுவான சொட்டும் வையுங்கள். அந்தக் குழம்பை மூடிய டப்பாவில் அடைக்காதீர்கள். நடுவில் வினையுறாத துண்டுகள் இருக்கும். திறந்தவெளியில் ஒரு வாளி நீரில் கொட்டி, குமிழி முழுவதும் நிற்கும்வரை விட்டுவிடுங்கள். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு கடுமையாகப் புண்ணாக்கும். கண்ணாடி அணிந்தே இதைச் செய்யுங்கள். செடிகளின் அடியிலோ குகைகளிலோ கொட்டுவதும் தவறு.

கார்பைடை ஈரம் புகாத, இறுக மூடும் பாத்திரத்தில் வைத்து, திறந்தவெளியில், சுடருக்கு எட்டாத இடத்தில் திறக்க வேண்டும். கார்பைடு உள்ள இடத்தில் தீப்பிடித்தால் நீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலே உதவும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், சொட்டுச் சோதனையில் தேறிய விளக்கும் ஏற்றியபின் விட்டுவிட்டுத் துடிக்கிறது என்று எழுதினார். விசாரித்ததில், கேஸ்கட்டும் முனையும் நன்றாக இருந்தன. ஃபெல்ட் மட்டும் நனைந்திருந்தது. நனைந்த ஃபெல்ட்டில் வாயு தேங்கித் தேங்கிக் கடப்பதால் சுடர் குதிக்கிறது. ஒவ்வொரு முறையும் உலர்ந்த ஃபெல்ட்டை மாட்டுங்கள். மாற்று ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். நெம்பியை முழுவதும் திறந்து ஏற்றும் பழக்கமே அதை நனைப்பதற்கு முதன்மையான காரணம்.

இன்னும் பலர் கேட்டது, இதே கொள்கையில் வெல்டிங்குக்குப் பெரிய கலன் ஒன்றை வீட்டிலேயே செய்யலாமா என்பது. வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். விளக்கில் அழுத்தம் சில சென்டிமீட்டர் நீரின் அளவைத் தாண்டுவதில்லை. பெரிய கலனில் அப்படி நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. அசிட்டிலீன் காற்று இல்லாமலே சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு. அதனால்தான் கரைக்கப்படாத வாயுவை, வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 1 பாருக்குக் கூடுதலான அழுத்தத்தில் பயன்படுத்துவதில்லை. செம்பு, வெள்ளி, பாதரசம் ஆகியவற்றோடு அது வெடிக்கும் சேர்மங்களை உண்டாக்கும். ஆகவே செம்புக் குழாய் அறவே கூடாது, செம்பு மிகுந்த உலோகக் கலவைகளும் கூடாது. தொழிற்சாலைக் கலன்களில் சுடர் பின்வாங்கினால் தடுக்கும் நீர்ப்பூட்டும் அழுத்த விடுவிப்பு வால்வும் சோதித்துப் பொருத்தப்பட்டவை. நுண்துளைப் பொருள் நிரப்பிய உருளையில் அசிட்டோனில் கரைத்து அடைத்த வாயு பரவியபின் பட்டறைகள் பலவும் தாமே வாயு உண்டாக்குவதைக் கைவிட்டதற்கு இந்தத் தொல்லைகளே காரணம்.

விளக்குப் பித்தளையில் செம்பு இருக்கிறதே என்று கேட்டவருக்கு: செம்பின் பங்கு 65 விழுக்காட்டுக்குக் குறைவான பித்தளையை ஏற்பது வழக்கம். ஆனால் உடைந்த குழாய்க்கு மாற்றாகக் கையில் கிடைத்த செம்புக் குழாயைப் பற்றவைத்து ஒட்டிய விளக்கு உங்களிடம் வந்தால், அதை ஏற்றாமல் அலமாரியில் காட்சிக்கு வைத்துவிடுங்கள்.