‘வாக்கிங் போங்க’ என்று சொல்வதில் நடக்கும் தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வரும் மருத்துவர்கள், செவிலியர்கள், வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் மாத்திரையில் இருக்கும் கவனம் நடைப்பயிற்சியில் இருப்பதில்லை. எடை பார்க்க மறப்பது போன்ற தெரிந்த பிழைகளை விட்டுவிடுவோம்.

அளவு எழுதாமல் அனுப்புவது

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை என்றால் 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று எழுதுகிறோம். நடைக்கு மட்டும் “நல்லா நடங்கம்மா”. இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அந்த அம்மா இரண்டு நாள் ஒரு மணி நேரம் நடப்பார். மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கும், அதோடு சரி. அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும்போது “நடக்கிறீங்களா?” என்றால் “நடக்கிறேன் டாக்டர்” என்பார். சர்க்கரை இறங்கியிருக்காது, மாத்திரை ஒன்று கூடும்.

முதலில் இரண்டு கேள்விகள்: மூச்சு சற்று வாங்கும்படி வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறீர்கள் அல்லது வேலை செய்கிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்? பெருக்கினால் வாரக் கணக்கு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம். பூஜ்யத்தில் இருப்பவரிடம் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் மலைத்துப்போவார். அவர் நோட்டில் இப்படி எழுதுங்கள்: “மாலை 5.30, பள்ளி மைதானம், 10 நிமிடம், வாரம் 5 நாள், நாத்தனாருடன்.” ஒவ்வொரு வாரமும் நாள் கணக்கில் 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாவது வாரம் நாளுக்கு 30 நிமிடம், அதாவது வாரம் 150. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய விதியும் 2020-இல் போய்விட்டது.

அடுத்த முறை “நேத்து எங்கே, யாரோட போனீங்க?” என்று கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

வெறும் வயிற்றில் நடக்கவிடுவது

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு ஆகிய சர்க்கரை மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கையில் 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரையான அடெனோலாலும் சேர்த்து எடுப்பவருக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம்; திடீரென வியர்த்துக் கொட்டினால் உஷாராக இருக்கச் சொல்லுங்கள்.

பாதம் பார்க்காதது

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழையான 10 கிராம் மோனோஃபிலமென்டின் தொடுகை தெரியவில்லை என்றால் முதலில் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, பிறகு நடை. உள்ளங்காலில் புண் இருந்தால் ஆறும்வரை உட்கார்ந்தபடி கைப்பயிற்சி மட்டும்.

நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்பவரை அனுப்புவது

கூடாது. முதலில் ஈ.சி.ஜி.

எல்லோருக்கும் நடை மட்டுமே

நாளெல்லாம் களையெடுப்பவரை மாலையிலும் நடக்கச் சொன்னால் சிரிப்பார். 65 தாண்டியவருக்கு விழாமல் இருப்பதே முக்கியம்: சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் 10 நொடி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, வாரம் 3 நாள்.

ஊரைக் கணக்கில் எடுக்காதது

2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதை. கிராமத்துப் பெண்ணுக்கு அது பஸ் ஏறிப் போகும் தூரம். அவருக்கு வேண்டியது விளக்கு எரியும் தெரு, நாய் துரத்தாத வழி, கூட நாலு பேர். மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து 15 நிமிடம் நடந்துவிட்டு வீட்டுக்குப் போகும்படி தன்னார்வலர் ஏற்பாடு செய்யலாம். சீரியல் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருவரும் வர மாட்டார்.