ஊரிலுள்ள குட்டைக்கரையைச் சிங்கப்பூரிலிருந்து பராமரித்தல்

தமிழ்நாட்டில் பூர்வீக நிலமும் அதற்குப் பாசனம் தரும் சொந்தக் குட்டையும் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள், மண்கரையைப் பார்வையிட ஆண்டில் இரண்டு பயணங்களை ஒதுக்குவது நல்லது. ஜூன் பள்ளி விடுமுறையில் நீர் வற்றியிருப்பதால், உட்சரிவின் வெடிப்புகளும் நண்டு, எலி வளைகளும் கண்ணில் படும். தீபாவளியை ஒட்டி வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறும்போதுதான் கசிவு தெரியும். ஒரு பயணத்துக்கே விடுப்புக் கிடைக்குமானால் நான் ஜூனையே தேர்ந்தெடுப்பேன். கசிவை ஊரிலிருக்கும் சித்தப்பா வாட்ஸ்அப்பில் காட்டிவிடுவார், வளையை நேரில் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

வளையின் வாயை மட்டும் அடைத்துவிட்டு வரக் கூடாது. அதைக் கடைசிவரை வெட்டித் திறந்து, களிமண் கலந்த மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசால் (மண்ணை இறுக்கும் கனமான கட்டை) இடிக்க வேண்டும். கையில் பிடித்த மண் கொழுக்கட்டைபோல் நின்றால் பதம் சரி; உள்ளங்கையில் அப்பினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

கரையில் முளைக்கும் சீமைக்கருவேலத்தை விரல் தடிமனில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். மரமான பின் வெட்டினால், உள்ளே மக்கும் வேரே நீருக்கு வழியாகிவிடும். கரைக்குப் புல் போதும்.

கூடுதல் நீர் தேக்கும் ஆசையில், மிகுநீர் வழிந்தோடும் கலிங்கின்மேல் மணல் மூட்டை அடுக்க எவரையும் அனுமதிக்கக் கூடாது. மண்கரையின்மேல் நீர் வழியத் தொடங்கினால் கரை அறுத்துக்கொண்டு போய்விடும். கரையின் நடுப்பகுதி நாளடைவில் அமுங்குவதால், கொத்தனாரின் குழாய் மட்டத்தை (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்து அதன் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

எங்கள் குட்டையில் ஆபத்து வந்தது, பாசன நீரைத் திறந்துவிடும் மதகோரத்தில். கரைக்கடியில் நீரை வெளியே கொண்டுசெல்லும் பழைய தூம்பை எடுத்துவிட்டுப் பிவிசி குழாய் பதித்தவர், அதன் அடியிலும் பக்கங்களிலும் மண்ணை இடிக்காமல் மேலாக மூடிவிட்டிருந்தார். மழை பெய்து நீர் ஏறியதும் குழாயை ஒட்டியே வெளியே கசிந்தது. இப்படிப்பட்ட கசிவை இரண்டு வழிகளில் சோதிக்கலாம். கசிநீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வைத்து, காலையில் அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிந்திருந்தால் நீர் கரையின் மண்ணையே அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அடுத்து, 10 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தையும் அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறித்துவர வேண்டும். மட்டம் அதேயிருக்க வாளி விரைவாக நிரம்புமானால் உடனே பொறியாளரை அழைக்க வேண்டும்.

கலங்கல் நீர் வரும் துளையை வெளிப்புறம் அடைப்பது பலரும் செய்யும் தவறு, ஏனெனில் அடைபட்ட நீர் கரைக்குள்ளேயே வேறு வழி தேடும். அந்தத் துளையின்மேல் முதலில் மணல், பிறகு சிறு சரளை, அதற்கும் மேல் பெருஞ்சரளை என்று பரப்பினால் நீர் வெளியேறும், மண் தங்கும். மதகைத் திறந்து மட்டத்தைக் குறைக்கும்போதும், நிலைமை கைமீறாதவரை, மெதுவாகவே குறைக்க வேண்டும். சட்டென்று வடித்தால் நனைந்த உட்சரிவு சரிந்துவிடும். கரைக்குக் கீழே குடியிருப்போரின் தொலைபேசி எண்களை ஊரில் குட்டையைப் பார்த்துக்கொள்பவரிடமும் உங்களிடமும் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள்.