லண்டனுக்கு 0208 என்றொரு குறியீடு கிடையாது

லண்டனின் ஹாரோ பகுதியில் மாமா நடத்தும் மளிகைக் கடைக்குப் புதுப் பலகை எழுதவைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பழைய பலகையில் தொலைபேசி எண்ணை 0208 தனியாக, இடைவெளி விட்டு ஏழு இலக்கம் என்று எழுதியிருந்தார்கள். பக்கத்துத் தெருப் பாட்டி தன் லேண்ட்லைனில் அந்த ஏழு இலக்கத்தை மட்டும் அழுத்திவிட்டு, "லைன் போகவே மாட்டேங்குது தம்பி" என்பார். எப்படிப் போகும்? லண்டனின் தொலைபேசிப் பகுதிக் குறியீடு 020 மட்டுமே. அதற்குப் பின் எட்டு இலக்கம்.

குழப்பத்துக்குக் காரணம் பழைய கதை. 1990 மே வரை லண்டன் முழுவதற்கும் 01. பிறகு நகரின் உட்பகுதிக்கு 071, புறப்பகுதிக்கு 081 என்று பிரித்தார்கள். 1995இல் அவை 0171, 0181 ஆயின. 2000 ஏப்ரலில் மறுபடியும் ஒரே குறியீடு, 020. பழைய 0171 எண்களுக்கு முன்னால் 7, 0181 எண்களுக்கு முன்னால் 8 சேர்ந்தது. மக்கள் மனத்தில் மட்டும் உட்பகுதி, புறப்பகுதி என்ற அந்தக் கோடு இன்னும் அழியவில்லை.

பலகையில் 020, பிறகு நான்கு நான்காக எட்டு இலக்கம் என்று எழுதவைத்தேன். பில்லிலும் அப்படியே, வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களுக்கு +44 20. இப்போதைய இணையவழி லேண்ட்லைன்கள் பலவற்றில் உள்ளூருக்கே 020 சேர்த்து அழுத்த வேண்டும் என்பதால், பாட்டியின் போனில் முழு எண்ணையும் பதிந்து கொடுத்தேன்.

கடையின் இரண்டாவது லைனின் எண் 020க்குப் பின் 3இல் தொடங்குகிறது. "இது லண்டன் நம்பரா, காசு கூடப் போகுமா?" என்று பலர் தயங்கினார்கள். 2005 முதல் கொடுக்கப்படும் சாதாரண லண்டன் எண்தான் அது. 020ஐப் பிரித்து எழுதியபின் அந்தக் கேள்வி அநேகமாக வருவதில்லை.