மெசூசா மாட்டும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

வீடு மாறினால் எனக்கு முதல் வேலை, யூதர்களான நாங்கள் வாசல் நிலைக்காலில் மாட்டும் வேதச் சுருளான மெசூசாதான், அலமாரியெல்லாம் அப்புறம். இஸ்ரேலில் வாடகை வீடானாலும் குடிபுகுந்ததுமே மாட்டிவிட வேண்டும். வேறு நாடுகளில் வாடகைக்கு இருப்பவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு.

கடையில் பலரும் அழகான பெட்டியைப் பார்த்து மயங்குவார்கள். பெட்டி வெறும் உறை. உள்ளே இருக்கும் தோல்சுருள்தான் மெசூசா. எங்கள் வேதத்தின் உபாகமம் என்னும் நூலில் 6:4-9, 11:13-21 ஆகிய இரு பகுதிகளை, 22 வரிகளில், 713 எழுத்துகளாக, சோஃபர் எனப்படும் எழுத்தர் கையாலேயே எழுதியிருக்க வேண்டும். ஓர் எழுத்து விட்டுப்போனாலும் செல்லாது. அச்சடித்தது வேண்டவே வேண்டாம். பணத்தைச் சுருளுக்குக் கொடுங்கள், பிளாஸ்டிக் பெட்டி போதும்.

நுழையும்போது வலக்கைப் பக்கம் வரும் நிலைக்காலில் மாட்ட வேண்டும். தெருவாசலில் குழப்பமே இல்லை. ஆனால் என் கூடத்துக்கும் சாப்பாட்டறைக்கும் வெளியிலிருந்து தனித்தனி வழி. நடுவில் ஒரு கதவு. எது நுழைவது, எது வெளியேறுவது? எனக்குத் தோன்றியபடி ஒரு பக்கம் மாட்டினேன். பார்க்க வந்த ரப்பி (யூத மதகுரு) ஒன்றும் சொல்லாமல் கதவை மட்டும் தள்ளினார். அது கூடத்துக்குள் திறந்தது. இப்படிச் சந்தேகம் வரும் இடத்தில், கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ அதற்குள்தான் நுழைகிறோம் என்று கணக்கு. கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டினேன். கழிப்பறைக்கும் குளியலறைக்கும் மெசூசா கிடையாது.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், டேப் வைத்து அளங்கள். வாசல் உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு தொடங்கும் இடத்தில் மாட்ட வேண்டும்; 210 செ.மீ. வாசலில் அது தரையிலிருந்து 140 செ.மீ. மெசூசாவை நேராக நிறுத்த வேண்டும் என்றார் இடைக்கால வேத உரையாசிரியர் ராஷி. படுக்க வைக்க வேண்டும் என்றார் அவர் பேரன் ரப்பேனு தாம். அஷ்கெனாசிகளான (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்கள்) நாங்கள் இருவருக்கும் பொதுவாக, மேல்முனை உள்ளே பார்க்கும்படி சாய்த்து வைக்கிறோம். செபார்டிகள் (ஸ்பானிய மரபு யூதர்கள்) நேராகவே வைப்பார்கள்.

"லிக்போவா மெசூசா" என்று முடியும் ஆசியைச் சொல்லிவிட்டு உடனே பொருத்துங்கள், இடையில் பேச்சு கூடாது. பல கதவுகளுக்கும் சேர்த்து ஒரே ஆசி போதும். மேலும் கீழும் இறுக்குங்கள். ஒரே ஆணியில் தொங்கவிடக் கூடாது.

7 ஆண்டுகளில் இரு முறை சோஃபரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். வெயில் படும் வாசலில் இருந்ததை நான் கொண்டுபோனபோது மை வெடித்து ஓர் எழுத்து இரண்டாகப் பிளந்திருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ! வேறு சுருள் வாங்கி, ஆசி சொல்லி, அன்று மாலையே மாட்டினேன்.