ஆஸ்கார் பெட்டிஃபோர்டை எங்கேருந்து கேக்க ஆரம்பிக்கிறது? புதுசா வர்றவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

ஜாஸ் கேக்க ஆரம்பிச்ச புதுசுல பேஸ்னு ஒண்ணு, ஆள் உயரத்துக்கு நிக்கற, ஆழமா ஒலிக்கற கம்பி வாத்தியம், அதுல இருக்குங்கறதே எனக்கு உறைக்கல. ட்ரம்பெட் காதைப் பிளக்கும், சாக்ஸஃபோன் இழையும், அடியில ஏதோ தும் தும்னு ஓடிட்டே இருக்கும், அவ்ளோதான். அந்த தும் தும்முக்கு ஒரு ஆள் இருக்கார், அவருக்கு ஒரு முன்கோபம் இருக்கு, சொல்றதுக்கு ஒரு கதை இருக்குன்னு எனக்குக் காட்டிக் குடுத்தவர் ஆஸ்கார் பெட்டிஃபோர்ட். 1922-ல அமெரிக்காவுல ஒக்லஹோமா மாநிலம் ஒக்மல்கில பொறந்தார், 1960-ல கோபன்ஹேகன்ல செத்துப்போனார், வயசு 37 தான். அம்மா சாக்டாங்கற அமெரிக்கப் பழங்குடி, அப்பா பாதி செரோக்கி பழங்குடி பாதி கறுப்பினத்தவர், மொத்த குடும்பமே ஒரு பேண்டு, ஊர் ஊரா போய் வாசிச்சவங்க. 1941-ல இதுல சோறு கிடைக்காதுன்னு வாசிக்கறதையே விட்டுட்டார், அஞ்சு மாசம் கழிச்சு மில்ட் ஹின்டன்ங்கற இன்னொரு பேஸ்காரர் பார்த்து திட்டாத குறையா பேசி திருப்பி கூட்டிட்டு வந்தார். நமக்கு நல்ல நேரம்.

இவர கேக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. இவரோட நல்ல வாசிப்புல பாதிக்கு மேல அடுத்தவங்க பேர்ல வந்த ரெக்கார்டுல கெடக்கு. பேர போட்டு தேடி வர்றத வரிசையா கேட்டா குழம்பிப் போய்டுவீங்க, நான் போனேன். அதனால தான் இந்த வரிசை.

ஸ்டெப் 1: முதல்ல ஹெட்ஃபோன எடுங்க

இத ஸ்கிப் பண்ணாதீங்க ப்ளீஸ். டபுள் பேஸோட (நாம பேசற பேஸோட முழுப்பேர்) அடிக்கம்பி கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸ்ல அதிரும், ஃபோன் ஸ்பீக்கருக்கு அந்த ஆழத்துக்கு எறங்கவே முடியாது. அதுக்கு மேல இவர் காலத்துல பேஸுக்கு பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையர் கெடையாது, ஆட்டுக்குடல் கம்பி, கைல இருக்க பலம், முன்னாடி ஒரு மைக், அவ்ளோதான். ஈக்வலைசர்ல பேஸ ஏத்தி விடற ஆசாமியா இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க, ஏன்னா அது இரைச்சலத்தான் ஏத்தும், நமக்கு வேண்டியது விரல் கம்பிய இழுத்து விடற அந்த 'டக்'.

ஸ்டெப் 2: ஒரே ஒரு பாட்டு, அதுல ஒரே ஒரு மூச்சு

1943 டிசம்பர் 23, நியூயார்க். கோல்மன் ஹாக்கின்ஸ்ங்கற பெரிய டெனர் சாக்ஸஃபோன்காரர் சிக்னேச்சர்னு ஒரு சின்ன கம்பெனிக்கு 'தி மேன் ஐ லவ்' வாசிக்கறார். எடி ஹேவுட் பியானோ, ஷெல்லி மேன் ட்ரம்ஸ், பேஸ்ல நம்ம ஆளு, வயசு 21. இது மெதுவா உருகற பாட்டு, இவங்க அத குதிரை மேல ஏத்தி விட்டுட்டாங்க. பியானோ சோலோ (ஒருத்தர் மட்டும் முன்னாடி வந்து வாசிக்கறது) முடிஞ்ச உடனே பேஸ் சோலோ வரும், அதுக்கப்பறம் தான் ஹாக்கின்ஸே வருவார். அந்த பேஸ் சோலோல கம்பிச் சத்தத்துக்கு நடுநடுவுல ஸ்ஸ்ஸ்னு ஒண்ணு கேக்கும், ரெக்கார்டு கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, அது அவர் மூச்சு. ஒரு வரி வாசிச்சு முடிச்சதும் பாட்டுக்காரன் மாதிரி மூச்சை உள்ள இழுக்கறார்.

என்னோட மொத்த பதிவும் இந்த மூச்சப் பத்தி தான்னுகூட சொல்லலாம். பேஸ் வாசிக்க மூச்சு தேவையே இல்ல, கை தானே வேலை செய்யுது? ஆனா இவர் ஊதுவாத்தியக்காரங்க எங்க நிறுத்தி எங்க தொடங்குவாங்களோ அங்கயே நிறுத்தித் தொடங்கறார், அதனால சோலோ ஸ்கேல் பயிற்சி மாதிரி இல்லாம பேச்சு மாதிரி இருக்கு. இவருக்கு முன்னாடி டியூக் எலிங்டன்ங்கற பெரிய பேண்டு தலைவரோட பேண்டுல ஜிம்மி பிளான்டன்னு ஒருத்தர் பேஸ தாளத்துக்கு மட்டுமில்ல, மெட்டுக்கும் வாசிக்கலாம்னு காட்டிட்டு 1942-ல 23 வயசுல காசநோய்ல போய்ட்டார். அவர் விட்ட எடத்துல பிடிச்சவர் பெட்டிஃபோர்ட்.

வேலை: அந்த சோலோவ மட்டும் மூணு தடவ கேளுங்க. மூணாவது தடவ மூச்சு வர்ற எடத்துல நீங்களும் மூச்சு இழுங்க. சிரிப்பா இருக்கும், ஆனா புரிஞ்சிடும்.

ஸ்டெப் 3: ரெக்கார்டு அட்டையோட பின்பக்கம் படிக்க கத்துக்கோங்க

சினிமா பாட்டுல பாடினவர் பேர் மட்டும் தெரிஞ்சு வயலின்காரர் பேர் தெரியாம இருக்கோம்ல, அதே தான் இங்கயும். ரெக்கார்டு ஹாக்கின்ஸ் பேர்லயோ மைல்ஸ் டேவிஸ் பேர்லயோ இருக்கும், வாசிச்சவங்க பட்டியல்ல நாலாவதா 'பேஸ்: பெட்டிஃபோர்ட்'னு பொடி எழுத்துல கெடக்கும். ஜாஸ் டிஸ்காகிரஃபில, அதாவது ரெக்கார்டு பட்டியல்ல, ஆல்பம் வந்த தேதிய விட செஷன் தேதி தான் முக்கியம், அதாவது ஸ்டுடியோவுல யார் யார் எந்த நாள் உக்காந்தாங்க. ஒரே ஆல்பத்துல ரெண்டு செஷன் இருந்தா பேஸ்காரர் மாறியிருப்பார். உதாரணத்துக்கு ட்ரம்பெட்காரர் கென்னி டோர்ஹமோட 'ஆஃப்ரோ-கியூபன்' 1955-ல ரெண்டு நாள்ல எடுத்தது, ஒரு நாள் பெர்சி ஹீத், இன்னொரு நாள் பெட்டிஃபோர்ட்.

இத தெரிஞ்சுக்காம நான் காசு விட்டிருக்கேன். சாக்ஸஃபோன்காரர் லக்கி தாம்சன் பேர்ல ஒண்ணு, 'ட்ரைகாட்டிசம்'னு வேற அட்டையில ஒண்ணு, ரெண்டும் வேற வேறன்னு வாங்கி வந்து போட்டா ரெண்டுலயும் அதே வாசிப்பு. நானே என்ன திட்டிக்கிட்டேன்.

ஸ்டெப் 4: பீபாப் தொடங்கற எடத்துல நில்லுங்க

1943 கடைசியில நியூயார்க் 52-வது தெருவுல ஆனிக்ஸ் கிளப்புல ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பெட்டிஃபோர்டும் சேர்ந்து ஒரு பேண்டு நடத்தினாங்க. பீபாப்ங்கற வேகமான, சிக்கலான புது ஜாஸ் அந்த தெருவுக்கு வந்தது இந்த பேண்டோட தான்னு சொல்றவங்க நெறைய. அத கேக்கலாம்னா ரெக்கார்டு இல்ல! 1942 ஆகஸ்ட்ல இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சது, பெரிய கம்பெனி ரெண்டு 1944 நவம்பர் வரைக்கும் மசியல, அதனால ஒரு பெரிய மாற்றம் நடந்த சமயத்துல மைக்கெல்லாம் முக்கால்வாசி மூடிக் கெடந்துச்சு. பக்கத்துல போகணும்னா 1944 பிப்ரவரி 16 அன்னிக்கு அப்போலோ கம்பெனிக்கு ஹாக்கின்ஸ் எடுத்த செஷன கேளுங்க, கில்லெஸ்பி, ட்ரம்ஸ்காரர் மேக்ஸ் ரோச், பெட்டிஃபோர்ட் மூணு பேரும் இருக்காங்க, 'வுடி'ன் யூ'ங்கற மெட்டு அதுல தான் வந்துச்சு. முதல் பீபாப் செஷன்னு இத தான் நெறைய பேர் சொல்வாங்க.

அப்பறம் 1945 நவம்பர்லேருந்து 1948 வரைக்கும் எலிங்டன் பேண்டு. பிளான்டன் நின்ன அதே எடம்.

ஸ்டெப் 5: ட்ரம்ஸ் இல்லாம, பியானோ இல்லாம

ஆரம்பக்காரங்களுக்கு பெஸ்ட் இது தான். 1956-ல லக்கி தாம்சன் டெனர் சாக்ஸஃபோன், ஸ்கீட்டர் பெஸ்ட் கிட்டார், பெட்டிஃபோர்ட் பேஸ், மூணே பேர் வாசிச்ச ரெக்கார்டிங் இருக்கு. தாளத்துக்கு தனியா ஆளே கெடையாது, மொத்த கட்டடமும் பேஸ் மேல நிக்குது, அதனால இங்க அவர தவற விடவே முடியாது. 'ட்ரைகாட்டிசம்' அவரே கட்டின மெட்டு, பேஸ் கத்துக்கிறவங்க இன்னிக்கும் விரல் தேய வாசிச்சுப் பழகறது.

எப்படி கேக்கறது? முதல் தடவ விரலால ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுங்க, சாக்ஸஃபோன் வாசிக்கறப்ப பேஸ் பெரும்பாலும் ஒரு எண்ணுக்கு ஒரு சுரம்னு நடந்து போகும், இத தான் வாக்கிங்னு சொல்றாங்க. ரெண்டாவது தடவ எண்ணாதீங்க, அந்த நடை எந்த எடத்துல நடக்கறத விட்டுட்டு பேச ஆரம்பிக்குதுன்னு மட்டும் பாருங்க. ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் லைன முணுமுணுத்துப் பழகினவங்களுக்கு இது பத்து நிமிஷ வேலை.

ஸ்டெப் 6: செல்லோ கதை

1949-ல வுடி ஹெர்மன்ங்கற பேண்டு தலைவரோட பேண்டுல இருந்தப்ப பேஸ்பால் ஆடப் போய் கைய உடைச்சுக்கிட்டார். பேஸ் ரொம்ப பெருசு, உடைஞ்ச கைய வெச்சுக்கிட்டு முடியல, ஒரு ஃப்ரெண்டு குடுத்த செல்லோவ (பேஸ் மாதிரியே, ஆனா சின்னது) எடுத்தார். அதுக்கு முன்னாடியே ஒரு தடவ ஹெர்மன கலாய்க்கறதுக்காக, தன் சோலோ நேரத்துல மேடைய விட்டு எறங்கிப் போய் செல்லோவோட திரும்பி வந்து அதுல வாசிச்சிருக்கார், வெளையாட்டு வினையாச்சுன்னு சொல்வாங்கள்ல, இங்க வினை தான் வெளையாட்டாச்சு. செல்லோவ சம்பிரதாயமா சுருதி சேக்காம பேஸ் கம்பிகள் இருக்கற அதே இடைவெளியில, ஒரு ஸ்தாயி மேல சேத்துக்கிட்டார், அதனால தெரிஞ்ச விரலமைப்பே போதும். வில் இல்ல, விரலால மீட்டறது தான். ஜாஸ்ல இத முதல்ல செஞ்சவர் இவரேன்னு எழுதறாங்க, ஆனா ஹாரி பபாசின் 1947-லயே செல்லோவ விரலால மீட்டி ரெக்கார்டு பண்ணிட்டார், அத மறந்துடாதீங்க.

1950 செப்டம்பர்ல மெர்சர் கம்பெனிக்கு எடுத்தத கேளுங்க. எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் பியானோவுல, லாயிட் ட்ராட்மன் பேஸ், ஜோ ஜோன்ஸ் ட்ரம்ஸ், செல்லோ மெட்டு பாடுது. 'பெர்டிடோ', அப்பறம் 'ப்ளூஸ் ஃபார் பிளான்டன்', யாருக்குன்னு இப்ப உங்களுக்கே தெரியும். 1953 டிசம்பர்ல டெபியூ கம்பெனிக்கு எடுத்த செஷன் இன்னும் வேடிக்கை, இவர் செல்லோ எடுத்துக்கிட்டதால பேஸ் வாசிக்கறது யாருன்னா சார்ல்ஸ் மிங்கஸ்! ஒரே வருஷத்துல பொறந்த ரெண்டு பேஸ் ஜாம்பவான்கள் ஒரே ரூம்ல, ஒருத்தர் மேல் ஸ்தாயில, ஒருத்தர் கீழ் ஸ்தாயில.

ஸ்டெப் 7: தலைவரா இவர் எப்படி?

1955-ல நியூயார்க் கிரீன்விச் வில்லேஜ்ல கஃபே பொஹீமியான்னு ஒரு கிளப், அங்க இவர் தான் இசைப் பொறுப்பு. 'பொஹீமியா ஆஃப்டர் டார்க்'ங்கற மெட்டு அந்த கிளப்ப வெச்சு எழுதினது. ஃப்ளோரிடாலேருந்து வந்த சாக்ஸஃபோன்காரர் கேனன்பால் ஆடர்லி ஊருக்கே பிரபலம் ஆனது அங்க பெட்டிஃபோர்ட் பேண்டோட மேடை ஏறினப்ப தான். அந்த வருஷமே பெத்லகேம் கம்பெனிக்கு இவர் எடுத்த 'அனதர் ஒன்' கேளுங்க, கச்சிதமான சின்ன குழு.

ஆனா என் மனசு கெடக்கறது ஏபிசி-பாராமவுண்டுக்கு 1956, 1957-ல எடுத்த ரெண்டு பெரிய பேண்டு ரெக்கார்டுல. 'தி ஆஸ்கார் பெட்டிஃபோர்ட் ஆர்கெஸ்ட்ரா இன் ஹை-ஃபை', ரெண்டு பாகம். ஜூலியஸ் வாட்கின்ஸ், டேவிட் ஆம்ரம்னு ரெண்டு பேர் ஃப்ரெஞ்சு ஹார்ன் (சுருண்ட பித்தளை ஊதுவாத்தியம்), அதோட ஒரு ஹார்ப் (யாழ் மாதிரி பெரிய கம்பி வாத்தியம்). ஜாஸ் பேண்டுல ஹார்ப் எங்க வந்துச்சுன்னு கேப்பீங்க, எனக்கும் முதல்ல கல்யாண வீட்டு சமையல்ல யாரோ ஐஸ்கிரீம் கலந்த மாதிரி இருந்துச்சு, மூணாவது தடவ கேக்கறப்ப தான் ஹார்ன்களுக்கு நடுவுல அது வெளிச்சம் விடறது தெரிஞ்சது. ஜிஜி கிரைஸ், லக்கி தாம்சன், பென்னி கோல்சன் இவங்கள்லாம் இசையமைப்பு எழுதினாங்க. பெரிய பேண்டுக்கு காசு கெடைக்காத காலம் அது, இந்த ஆர்கெஸ்ட்ரா ரொம்ப நாள் தாங்கல. ரெண்டு ரெக்கார்டையும் சேத்து 'டீப் பேஷன்'னு ஒரே சிடியா பின்னாடி போட்டாங்க, தேடறப்ப இந்த பேரையும் போட்டுப் பாருங்க.

ஸ்டெப் 8: கஷ்டமான பெரியவங்களோட

பியானோக்காரர் தெலோனியஸ் மாங்க்கோட 'தெலோனியஸ் மாங்க் ப்ளேஸ் டியூக் எலிங்டன்' 1955-ல எடுத்தது, எலிங்டன் மெட்டெல்லாம் உள்ளங்கையில வெச்சிருக்கற ஆள் பேஸ்ல, அமைதியான ரெக்கார்டு, இத முதல்ல கேளுங்க. அடுத்த வருஷம் 'பிரில்லியண்ட் கார்னர்ஸ்', அதுல அமைதியெல்லாம் இல்ல. டைட்டில் மெட்டு அவ்ளோ கஷ்டம், 25 டேக் போயும் ஒண்ணுகூட முழுசா வரல, கடைசியில டேப்ப வெட்டி ஒட்டித் தான் வெளியிட்டாங்க. மாங்க்குக்கும் பெட்டிஃபோர்டுக்கும் அங்க வாக்குவாதம். ஒரு டேக்ல பேஸ் சத்தமே வரலையேன்னு மைக்க செக் பண்ணினா மைக் நல்லா தான் இருக்கு, இவர் கோவத்துல கம்பிய தொடாம வாசிக்கற மாதிரி கைய மட்டும் ஆட்டிட்டு நின்னிருக்கார்! தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் சொன்ன கதை இது. பட்டியல்ல இன்னொண்ணும் கவனிங்க, கடைசி மெட்டு 'பெம்ஷா ஸ்விங்'ல பேஸ் இவர் இல்ல, பால் சேம்பர்ஸ்.

1958-ல சாக்ஸஃபோன்காரர் சானி ராலின்ஸோட 'ஃப்ரீடம் சூட்'. சாக்ஸஃபோன், பேஸ், ட்ரம்ஸ், மூணே பேர், ரெக்கார்டோட முதல் பக்கம் முழுக்க ஒரே மெட்டு, சுமார் 19 நிமிஷம். ஸ்டெப் 5 பழகினவங்களுக்கு இது விருந்து.

ஸ்டெப் 9: ஐரோப்பா

1958-ல கடல் தாண்டிப் போனவர் திரும்பல. 1959-ல ஆஸ்திரிய சாக்ஸஃபோன்காரர் ஹான்ஸ் கோலரோட 'வியன்னா ப்ளூஸ்', 1960-ல கோபன்ஹேகன்ல டென்மார்க் பசங்களோட சில ரெக்கார்டிங். அவசரமில்ல, மெதுவா கேட்டுக்கலாம்.

ஒண்ண மட்டும் விடாதீங்க. 1960 ஏப்ரல் 2, ஜெர்மனியில எஸ்ஸன் ஜாஸ் திருவிழா. பட் பவல் பியானோ, கென்னி கிளார்க் ட்ரம்ஸ், சாக்ஸஃபோனுக்கு, 16 வருஷத்துக்கு முன்னாடி இவர் மூச்ச ரெக்கார்டுல ஏத்தின அதே கோல்மன் ஹாக்கின்ஸ். அதே வருஷம் செப்டம்பர் 8-ம் தேதி கோபன்ஹேகன்ல போலியோ மாதிரி ஒரு நோய்ல பெட்டிஃபோர்ட் போய்ட்டார், 38 முடிய மூணு வாரம் தான் இருந்துச்சு. எஸ்ஸன்ல பட் பவல் வாசிக்க எடுத்த மெட்டுகள்ல ஒண்ணு 'ப்ளூஸ் இன் தி க்ளாசெட்', அது பெட்டிஃபோர்டே எழுதினது. தேடறப்ப பவல், ஹாக்கின்ஸ் பேர்ல தேடுங்க, அங்க தான் இருக்கும்.